தோல் பார்க்கிற வேலை

(எமது சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில், "எங்கள் தொழில்கள்" என்ற வரிசையில் ஆற்றப்பட்ட உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



இந்த மேடையில் போன மாதம் ஒரு சட்டத்தரணி பேசினார். அதற்கு முதல் மாதம் ஒரு வைத்தியர் பேசினார். இந்த மாதம் மாட்டுத்தோல் பார்க்கிறவனைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் செயலாளர் வீட்டில் மூன்று வருசத்துக்கு முதல் வாங்கிய செற்றி பாம்பு செட்டை கழற்றுவது போலக் கழன்று விழுகிறது. "லெதர் எண்டுதானே தந்தவங்கள்?" என்று என்னைக் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அரை மணித்தியாலம் வேண்டும் என்றேன். அப்படியென்றால் மேடையில் சொல்லுங்கோ என்றுவிட்டார்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 1990இல். முதல் மூன்று வருசமும் எல்லாரையும் போலப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. 1993இல் கிழக்கு லண்டனில், கதிரை செற்றிகளுக்கு உறை போடும் ஒரு சிறிய வேலைத்தலத்தில் கூட்டித் துடைக்கிற ஆளாகச் சேர்ந்தேன். ஷோர்டிச், பெத்னல் கிறீன் பக்கம் ஒரு காலத்தில் தளபாடத் தொழிலுக்குப் பேர்போன இடம். தேம்ஸ் நதிக்குத் தெற்கே பேர்மண்ட்சியில் தோல் பதனிட்டார்கள். இன்றைக்கும் அங்கே ரனர் ஸ்ரீற், மொரோக்கோ ஸ்ரீற், லெதர் மார்க்கெற் என்று பெயர்கள் இருக்கின்றன. தொழில் போய்விட்டது, பெயர் நிற்கிறது. விக்ரோறியா மகாராணி காலத்தில் அந்தத் தோலை மென்மையாக்க நாய்ப்பீ பாவித்தார்கள், அதை வீதி வீதியாகப் பொறுக்கி விற்றுப் பிழைத்த ஏழைகள் இருந்தார்கள் என்றால் நம்புவீர்களோ தெரியாது. உண்மை. சாப்பாட்டுக்கு முதல் சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

எனக்குத் தொழில் சொல்லித் தந்தவர் ஓர் ஆங்கிலேயக் கிழவர். அவர் பேசும் கிழக்கு லண்டன் ஆங்கிலம் எனக்கு விளங்காது, என் ஆங்கிலம் அவருக்கு விளங்காது. அதனால் அவர் எல்லாவற்றையும் கையால்தான் சொல்லித் தந்தார். இப்போது நினைத்தால் அது நல்லதாய்ப் போயிற்று. ஒருநாள் ஒரு முழுத்தோலை வெட்டுமேசையில் விரித்துவிட்டு, ஒரு வெண்கட்டியை என் கையில் தந்து, பழுது எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் வட்டம் போடு என்று சைகை காட்டினார். நான் ஏழு வட்டம் போட்டேன். அவர் வேறு நிற வெண்கட்டியால் இன்னும் பன்னிரண்டு வட்டம் போட்டார். பிறகு தோலைப் புரட்டி, பின்பக்கத்தில் மூன்று.

ஒரு முழு மாட்டுத்தோல் ஏறக்குறைய ஐம்பது சதுர அடி வரும். எவ்வளவு என்று அதன் பின்பக்கத்தில் முத்திரை குத்தியிருக்கும். ஆனால் அந்த ஐம்பதும் ஒரே சரக்கில்லை. சீலைக்கடையில் ஐந்து யார் வெட்டினால் முதல் யாரும் கடைசி யாரும் ஒன்றுதான். தோல் அப்படியில்லை. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் பின்புறம் வரைக்கும் இறுக்கமான, நெருக்கமான தோல். கழுத்துப் பக்கம் மடிப்பு மடிப்பாய் இருக்கும். வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுபடும், மாடு தின்றால் பெருக்கவும் பசித்தால் ஒட்டவும் வேண்டிய இடமல்லவா. கால் பக்கம் சின்னச் சின்னத் துண்டுக்குத்தான் உதவும்.

ஆள் இருக்கிற இடத்துக்கு, அதாவது செற்றியின் இருக்கைக்கு, முதுகுத்தோல்தான் போட வேண்டும். வயிற்றுத்தோலைப் போட்டால் ஆறு மாதத்தில் இழுபட்டு, குளம் மாதிரிக் குழிந்து, எழும்பினாலும் ஆள் இருந்த தடம் போகாது. சுவர்ப்பக்கம் நிற்கிற பின்முதுகுக்கும், கைபிடியின் வெளிப்பக்க அடிக்கும் வயிற்றுத்தோல் போடலாம். அங்கே யாரும் இருக்கப் போவதில்லை. எந்தத் துண்டை எங்கே வெட்டுவது என்று தெரிந்தவனுக்கு ஐந்து தோலில் முடிகிற வேலை, தெரியாதவனுக்கு ஏழு தோல் தின்னும். எங்கள் கணக்கு ஒன்று இருக்கிறது. ஐம்பத்துநாலு அங்குல அகலச் சீலை ஒரு யார் தேவைப்படும் இடத்தில் தோல் பதினெட்டுச் சதுர அடி வேண்டும். சீலையின் பரப்பு பதின்மூன்றரைச் சதுர அடிதான். மிச்சம் நாலரையும் பழுதைச் சுற்றி வெட்டுவதில் போகிறது. மூன்று பேர் இருக்கும் செற்றிக்குப் பதினைந்து யார் என்று வைத்தால் இருநூற்றெழுபது சதுர அடி, ஐந்தரைத் தோல்.

இனிப் பழுது என்று சொன்னேனே, அதைச் சொல்கிறேன். அந்தக் கிழவர் போட்ட வட்டங்கள் ஒவ்வொன்றும் அந்த மாட்டுக்கு நடந்த ஒரு சம்பவம். முள்ளுக்கம்பி கிழித்த கோடு. உண்ணி கடித்த புள்ளிகள். ஒரு வகை மாட்டு ஈ முட்டையிட்டு, அதன் புழு முதுகைத் துளைத்து வெளியே வந்த ஓட்டைகள். இன்னொரு மாடு கொம்பால் இடித்த காயம். எங்கள் ஊரில், முக்கியமாக வன்னிப் பக்கத்தில், மாட்டுக்குக் குறிசுடுவார்கள் அல்லவா, அப்படிச் சுட்ட குறி. இவையெல்லாம் முன்பக்கம். பின்பக்கம் பார்க்க வேண்டியது கத்தி வெட்டு. இறைச்சிக்கடையில் தோலை உரிக்கும்போது கத்தி ஆழமாய்ப் போனால் அந்த இடம் மெல்லிசாகிவிடும். முன்னால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைக் கொண்டுபோய் இருக்கைக்குப் போட்டால் ஒருநாள் அந்த இடத்தில் கிழியும். ஆகவே எந்தத் தோலையும் புரட்டிப் பின்பக்கத்தை உள்ளங்கையால் தடவாமல் எடுக்கக் கூடாது.

ஆனால் எல்லா அடையாளமும் குற்றமல்ல. காய்ந்து ஆறிய தழும்பு பலமாகத்தான் இருக்கும். ஆறாத காயம் வாய் பிளக்கும். கழுத்து மடிப்பையும் நரம்பு ஓடிய கோட்டையும் சில வாடிக்கையாளர் விரும்பிக் கேட்பார்கள், அது உண்மைத் தோல் என்பதற்குச் சாட்சி. என் சொந்த அபிப்பிராயம், ஒரு தழும்புகூட இல்லாத செற்றியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் முதலில் வரும். தழும்பு குறைந்த தோலுக்கு விலை கூட. ஸ்கண்டினேவிய நாடுகளிலும் ஜேர்மனியின் தெற்குப் பக்கத்திலும் இருந்து வரும் தோலுக்கு நல்ல பெயர். குளிர் நாடு, பூச்சி குறைவு, மாரி காலத்தில் மாடுகளை உள்ளே கட்டி வளர்க்கிறார்கள், முள்ளுக்கம்பியில் உரசும் சந்தர்ப்பமும் குறைவு.

இனிச் செயலாளரின் கேள்விக்கு வருகிறேன். மாட்டின் தோல் நாலைந்து மில்லிமீற்றர் தடிப்பு இருக்கும். செற்றிக்கு வேண்டியது ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஆகவே இயந்திரத்தில் கிடையாகப் பிளக்கிறார்கள். மேல் படைதான் உண்மையில் பலமானது, மயிர்க்கண் தெரிகிற பக்கம். கீழ்ப் படையும் தோல்தான், பொய் சொல்லேலாது, ஆனால் பலம் குறைவு. அதற்கு மேல் பூச்சுப் பூசி, அச்சில் அழுத்தி, மேல் தோல் போலக் கோலம் போட்டு விற்பார்கள். அதற்கும் கீழே ஒன்று இருக்கிறது. தோல் தொழிற்சாலையில் மிஞ்சிய தூளையும் துண்டையும் அரைத்து, பசை சேர்த்து, சீலையில் ஒட்டி, மேலே பிளாஸ்ரிக் படை போட்டது. "பொண்டட் லெதர்" என்பார்கள். லெதர் என்ற சொல் அதிலே இருக்கிறது, பாருங்கோ. மரத்தூள் பலகையை முதிரை மரம் என்று சொல்வது போலத்தான். இரண்டு மூன்று வருசத்தில் உடம்பு படுகிற இடத்தில் அந்தப் படை உரியத் தொடங்கும். உரியத் தொடங்கினால் மருந்து கிடையாது. செயலாளர் அவர்களே, உங்கள் செற்றி அதுதான்.

இன்னொரு விளையாட்டு, ஆள் படுகிற இடத்துக்கு மட்டும் தோல் போட்டு, பக்கத்துக்கும் பின்னுக்கும் அதே நிறத்தில் பிளாஸ்ரிக் போடுவது. அது களவில்லை, கடைக்காரர் சொல்லி விற்றால் சரி. நீங்கள் கேட்க வேண்டும். "முழுவதும் தோலா, எந்தெந்தப் பக்கம் தோல்?" என்று கேட்டு, பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இங்கே நாங்கள் ஆங்கிலத்தில் கேட்க வெட்கப்பட்டுத்தான் பாதிக் காசை விடுகிறோம். 2007, 2008ஆம் ஆண்டுகளில் மலிவாக இறக்குமதியான சில செற்றிகளுக்குள் பூஞ்சணம் பிடிக்காதிருக்க வைத்த ஓர் இரசாயனப் பொடியால் இந்த நாட்டில் பலருக்கு உடம்பு எரிந்து புண்ணானது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பொடி சேர்ந்த பொருட்களைத் தடை செய்தது. அதனால் பழைய செற்றி யாரும் சும்மா தந்தால்கூட என்ன, எப்போது வாங்கியது என்று கேளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பொன்ஞ் 1988இல் வந்த தீப்பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்றது என்ற சீட்டுத் தைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டில் விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்துகிற ஆட்கள் நாங்கள்.

சரி, நல்ல தோல் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல தோலிலும் எதை எடுப்பது? இங்கேதான் நான் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டி இருக்கிறது.

நல்ல தோலை மூன்று விதமாக முடிப்பார்கள். ஒன்று, சாயம் மட்டும் ஊறவைத்து மேலே ஒரு பூச்சும் பூசாமல் விடுவது. அனிலீன் என்று பெயர். மயிர்க்கண், ரேகை எல்லாம் அப்படியே தெரியும். மறைக்க ஒன்றும் இல்லாதபடியால் ஆகத் திறமான தோலைத்தான் இப்படி விடுவார்கள். தொட்டால் குழந்தையின் கன்னம் மாதிரி. இரண்டாவது, மெல்லிய பூச்சு. மூன்றாவது, நிறமும் பிசினும் சேர்ந்த கனமான பூச்சு, பிக்மென்ற் போட்டது என்போம். இதிலே வடிவு கொஞ்சம் குறைவு, தொடக் குளிரும், ஆனால் எதையும் தாங்கும். எது எது என்று அறிய ஒரு சுலபமான வழி, ஒரு துளி தண்ணீரைத் தொட்டு வையுங்கள். அனிலீன் என்றால் குடித்துவிட்டுக் கறுக்கும். பூச்சுப் போட்டது என்றால் சேம்பிலையில் தண்ணீர் நிற்பது போல நிற்கும். கடையில் செய்து பார்க்க வேண்டாம், துண்டு கேட்டு வாங்கி வீட்டில் செய்யுங்கோ.

2001இல் நான் தனியாக ஒரு சின்ன இடம் வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கினேன். 2002இல் எங்கள் ஆட்கள் ஒரு குடும்பம், புதுவீடு வாங்கியவர்கள், மூன்று பேர் இருக்கும் செற்றி ஒன்று செய்து தரச் சொன்னார்கள். எங்கள் ஆட்களிடம் இருந்து வந்த முதல் பெரிய வேலை. எனக்கோ நான் யார் என்று காட்ட வேண்டும் என்ற எண்ணம். ஆக விலை கூடிய அனிலீன் தோலைத் தெரிந்தேன். பால்தேத்தண்ணி நிறம். ஒரே சாயத் தொட்டியில் தோய்த்த ஐந்து தோலும் இன்னொரு பாதியும், ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்தில் பார்த்து எடுத்தேன், ரியூப்லைற் வெளிச்சம் நிறத்தில் பொய் சொல்லும். வெட்டியதில் ஒரு பிழையில்லை. தையலில் ஒரு பிழையில்லை. தோலில் ஊசி குத்திய ஓட்டை மூடாது, பிழைத்தால் துண்டு போச்சு. அப்படி ஒரு பிழையும் விடவில்லை. ஆங்கிலேயக் கிழவர் வந்து பார்த்து, தடவிவிட்டு, தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவது லேசில் நடக்கிற காரியம் அல்ல. போகும்போது மட்டும் ஏதோ கேட்டார். யார் இருக்கப் போகினம் எண்டு கேட்டிருக்க வேண்டும். நான் விளங்காமல் "யேஸ், யேஸ்" என்றேன்.

அந்த வருசக் கடைசியில் அம்மா ஊரில் இருந்து வந்தா. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு ஏ9 பாதை திறந்து, கொழும்புக்கு வந்து, விசா எடுத்து, ஆறு மாதம் நிற்க வந்தா. அம்மாவுக்கு நான் எழுதிய கடிதங்களில் "தளபாடக் கடையில் வேலை" என்றுதான் பத்து வருசமும் எழுதி வந்தேன். ஊரில் தோல் தொழில் யாருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது, அவர்களை நாங்கள் எப்படி நடத்தினோம், எந்தக் கிணற்றில் அள்ளவிடவில்லை என்பதெல்லாம் இந்த மண்டபத்தில் வயது வந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், என்ன பதில் வருகிறது என்றும் பாருங்கள். அம்மா என் வேலைத்தலத்துக்கு வந்து, மேசையில் விரித்துக் கிடந்த தோலைக் கண்டா. கால் நாலும் தெரிகிற வடிவில் கிடந்தது. ஒன்றும் பேசவில்லை. பின்னால் இருந்த பைப்பில் கையைக் கழுவினா, தொடாத கையை. "கோயில் தவிலும் தோல்தானே அம்மா" என்றேன். "அது வேற" என்றா. அவ்வளவுதான். ஒரு கிழமை வீட்டில் என்னை முழுகிவிட்டுத்தான் சாமிப் படத்துக்குக் கிட்டப் போக விட்டா. நானும் சண்டை பிடிக்கவில்லை. பத்து வருசம் மறைத்தவன் என்ன வாயோடு சண்டை பிடிக்கிறது?

2003ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு. அந்தக் குடும்பம் எங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நான் செய்த செற்றியை அம்மாவுக்குக் காட்டலாம் என்று எனக்குப் பெருமை. போனால், செற்றியின் சாய்கிற இடத்தில் ஒரு ரவல் விரித்துக் கிடக்கிறது. அந்த வீட்டில் பிள்ளைகளின் அப்பப்பா ஒருவர். எண்பதை எட்டிய மனிதர். அன்றைக்குக் காலை கோயிலில் இருந்து சின்னப் போத்தலில் வந்த மருத்துநீர் தலையில் வைத்து முழுகி, பிறகு வழமைபோல நல்லெண்ணெய் தடவி, வேட்டி கட்டி, அழகாக இருந்தார். பேரப்பிள்ளைகள் வரிசையில் வந்து கைவிசேடம் வாங்கினார்கள். அவர் இருந்தது குசினியில் இருந்து கொண்டுவந்து போட்ட ஒரு பிளாஸ்ரிக் கதிரையில். பக்கத்தில் மூன்று பேர் இருக்கக்கூடிய என்னுடைய செற்றி, வெறுமையாக.

எனக்கு அப்போதும் ஓடவில்லை. நாரிப் பிடிப்பாக்கும், நேர்க்கதிரை வசதியாக்கும் என்று நினைத்தேன். அம்மாதான் அவருக்குப் பக்கத்தில் இருந்து கனநேரம் கதைத்தா, ஊர்க்கதை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னா:

"தம்பி, நீ செய்த கதிரையில அந்த மனுசன் இருக்கிறேல்லையாம். தலை பட்ட இடமெல்லாம் எண்ணெய் ஊறிக் கறுத்துப் போச்சாம். மருமேள் ஒண்டும் சொல்லேல்லையாம். மகன்தான் ஒருநாள், 'அப்பு, இது பெரிய காசு' எண்டவராம். அதுக்குப் பிறகு அவர் அதில இருக்கிறேல்லை."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் பொறுத்து அம்மா கேட்டா: "முழுகி எண்ணெய் வைக்கிற ஆக்கள் இருக்கிற வீடு எண்டு உனக்குத் தெரியாதே?"

தெரியும். அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே நல்லெண்ணெய் வாசம் வரும். தோலில் இருந்த உண்ணி கடித்த புள்ளிவரை பார்த்தேன், இருக்கப் போகிற மனிதரைப் பார்க்கவில்லை. பூச்சில்லாத தோல் எண்ணெயைக் குடிக்கும், குடித்தால் எடுக்கேலாது. இது நான் தொழில் தொடங்கிய முதல் வருசமே படித்த பாடம். படித்ததை மறக்கவில்லை, வடிவாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் கண்ணை மறைத்துவிட்டது.

அடுத்த கிழமை போய்ச் செற்றியைத் திருப்பி எடுத்து வந்தேன். தையலில் ஒரு குறை கண்டேன், திருத்தித் தருகிறேன் என்று பொய் சொன்னேன். சாய்கிற துண்டை மட்டும் மாற்றலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். மாற்ற முடியாது. அதே சாயத் தொட்டியின் தோல் இனிக் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு வருசம் வெயிலும் ஆளும் பட்ட தோல் நிறம் மாறியிருக்கும், புதுத்துண்டு ஒட்டுப்போட்டது போலத் தெரியும். முழுவதையும் உரித்தேன். இந்த முறை பிக்மென்ற் போட்ட தோல், பனங்கட்டி நிறம், ஈரச்சீலையால் துடைத்தால் போகிற வகை. அது மலிவு என்று நினைக்க வேண்டாம், மேல் படைத் தோல்தான். ஒரு வெள்ளைச் சீலையை நனைத்து ஐம்பது தடவை தேய்த்துப் பார்த்தேன், வேட்டியில் நிறம் இறங்கக் கூடாதல்லவா. மூன்று சனி ஞாயிறு எடுத்தது. உரித்த அனிலீன் தோலில் எண்ணெய் படாத பக்கங்களைக் குந்துகளுக்குப் பாவித்தேன், அதில் ஒன்று இன்றைக்கும் என் வீட்டில் இருக்கிறது.

அந்த வேலை நடக்கும்போது கிழவர் வந்தார். எண்ணெய்க் கறுப்பைக் கண்டு, சிரித்து, ஒரு கதை சொன்னார். அதற்குள் என் ஆங்கிலம் கொஞ்சம் திருந்தியிருந்தது. போன நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இந்த நாட்டு ஆண்களும் தலைக்கு எண்ணெய் வைத்தவர்களாம். மக்காசர் எண்ணெய் என்று பெயராம், அதிலே தேங்காய் எண்ணெயும் சேர்ந்திருக்கும். அவர்கள் தலை பட்டுக் கதிரை கெடுகிறது என்று பெண்கள் பின்னல் துணி செய்து சாய்கிற இடத்தில் போட்டார்களாம். அந்தத் துணிக்கு இன்றைக்கும் அன்ரிமக்காசர் என்றுதான் பெயர். ரயில் கதிரைகளில் தலை வைக்கிற இடத்தில் போட்டிருக்கிற துணி அதுதான். நாங்கள் ரவல் போடுகிறோம், அவர்கள் பின்னல் துணி போட்டார்கள். எண்ணெய்த் தலை எங்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்து வெட்கப்பட்ட காலம் ஒன்று எனக்கு இருந்தது.

செற்றியைத் திருப்பிக் கொண்டுபோய் இறக்கியபோது அம்மாவும் வந்தா. ஊருக்குத் திரும்ப நாலு நாள் இருந்தது. ரவல் போடத் தேவையில்லை, எண்ணெய் பட்டால் துடைத்துவிடுங்கோ என்று அந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொன்னேன். ஐயா உடனே இருக்கவில்லை. "இருந்து பாருங்கோ" என்று அம்மா சொன்னா. நுனியில் இருந்தார். பிறகு கொஞ்சம் பின்னுக்கு. பிறகு சாய்ந்தார். அம்மா கைபிடியை உள்ளங்கையால் தடவிப் பார்த்தா, சீலைக் கரை பார்ப்பது போல. "இதில சின்னத் தழும்பு ஒண்டு கிடக்கு" என்றா. இருந்தது. நான் காணாமல் விட்டது.

பராமரிப்புப் பற்றிக் கேட்டிருந்தார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். றேடியேற்றருக்கு ஓரடியாவது தள்ளிப் போடுங்கள், காய்ந்து வெடிக்கும். நேர் வெயில் படக்கூடாது. மெல்லிய ஈரச்சீலை போதும், குழந்தைகளுக்குத் துடைக்கிற ஈரக் கடதாசி பூச்சைத் தின்னும். பளபளப்புக்கென்று தேங்காய் எண்ணெய் பூசுகிற ஆட்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள், பெயர் சொல்லவில்லை. கடையில் சுற்றி வந்த பொலித்தீனை வருசக்கணக்காகக் கழற்றாமல் வைத்திருப்பதும் வேண்டாம், உள்ளே ஈரம் பிடிக்கும், தோலும் மூச்சு விட வேண்டும். மஞ்சள் கறி கொட்டினால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பூச்சில்லாத தோல் என்றால் ஒற்றினாலும் போகாது, அதை முதலே சொல்லிவிட்டேன்.

மாட்டுத்தோல் வீட்டுக்குள் வேண்டாம் என்கிற ஆட்களும் என்னிடம் வருவதுண்டு. செற்றிக்குப் போடுகிற தோல் அநேகமாக எல்லாம் மாடுதான், இறைச்சிக்கு வெட்டிய மாட்டின் தோல். அதை மறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்களுக்கு நல்ல கம்பளிச் சீலை காட்டுகிறேன், அதுவும் இருபது வருசம் போகும்.

தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடுவது பெரிய தொழில் என்று பலருக்குத் தெரியும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் அங்கிருந்து ஒரு காலத்தில் லண்டன் சந்தைக்குக் கப்பலில் வந்தது. அதே தொழிலின் கழிவு பாலாற்றைக் கெடுத்தது பற்றி 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இப்போது செற்றிக்கு வரும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிட்டது. பட்டையால் பதனிட்டது விறைப்பு, பைக்கும் இடுப்புவாருக்கும் நல்லது, வளைந்து கொடுக்கிற செற்றிக்கு அவ்வளவு சரிவராது. இதைப் பற்றி விரிவாகப் பேசினால் தலைவர் மணி அடிப்பார்.

அதோ அந்த மேசையில் தேத்தண்ணிக்குப் பக்கத்தில் ஐந்து துண்டு வைத்திருக்கிறேன். இலக்கம் போட்டிருக்கிறது. ஒன்று அனிலீன், ஒன்று மெல்லிய பூச்சு, ஒன்று கனமான பூச்சு, ஒன்று பிளந்த கீழ்ப் படை, ஒன்று செயலாளர் வீட்டுச் செற்றியில் இருந்து விழுந்தது. எது எது என்று எழுதவில்லை. தொட்டுப் பாருங்கள், புரட்டிப் பாருங்கள், ஒரு துளி தண்ணீரும் வைத்துப் பார்க்கலாம். பிள்ளைகள் முதலில் போங்கோ. கண்டுபிடித்தவர்கள் செயலாளரிடம் சொல்ல வேண்டாம், என்னிடம் வந்து சொல்லுங்கோ.